யூனிட்டின் தொடக்கப் பகுதி எந்த ஒழுங்கில் ஓடுகிறது?

கொக்குவிலிலிருந்து கேள்வி:

வணக்கம். இங்குள்ள கூட்டுறவுக் கடை ஒன்றின் இருப்புக் கணக்கைப் பிறீ பாஸ்கல் என்ற நிரல் மொழியில் எழுதி வருகிறேன். செய்நிரலைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து எழுதும் பகுதிகளே யூனிட்டுகள். ‘அமைவு’ என்ற யூனிட், செய்நிரல் தொடங்கும்போது தானாக ஓடும் தன் இனிஷியலைசேஷன் பகுதியில் அமைவுக் கோப்பை வாசிக்கிறது. ‘பதிவேடு’ என்ற யூனிட், தன் இனிஷியலைசேஷனில், அமைவில் உள்ள கோப்புப் பாதையை எடுத்துப் பதிவுக் கோப்பைத் திறக்கிறது. அமைவுக் கோப்பில் பிழை இருந்தால் அதையும் பதிவேட்டில் எழுத வேண்டியிருப்பதால், இரண்டும் உள்வேலை எழுதப்படும் இம்ப்ளிமென்டேஷன் பகுதியில், தேவையான யூனிட்டுகளைப் பட்டியலிடும் யூஸஸ் வரியில் ஒன்றையொன்று குறிப்பிடுகின்றன. பிரதான செய்நிரலில் பதிவேட்டை முதலில் எழுதினால் எல்லாம் சரியாக ஓடுகிறது. அமைவை முதலில் எழுதினால் பாதை வெறுமையாக இருக்கிறது. இது மறுவளமாக அல்லவா இருக்க வேண்டும்?

நல்லூரிலிருந்து மறுமொழி:

யூஸஸ் வரியில் முதலாவதாக நிற்கும் யூனிட் முதலாவதாக ஓடுவதில்லை. அது சார்ந்திருக்கும் யூனிட்டுகள் ஓடி முடிந்த பின்னரே அதன் முறை வரும். அமைவை முதலில் எழுதினால், அமைவு பதிவேட்டைக் கேட்கிறது, பதிவேடு திரும்பவும் அமைவைக் கேட்கிறது. ஆனால் அமைவு ஏற்கெனவே கணக்கில் எடுக்கப்பட்டுவிட்டதால், அதற்காகக் காத்திராமல் பதிவேடு முந்திக்கொள்கிறது. உங்களுக்குக் கிடைத்த விளைவு இதனோடு ஒத்துப்போகிறது. ஒன்றையொன்று கேட்கும் இதே வட்டம், யூனிட் வெளியே காட்டும் இன்டர்பேஸ் பகுதியில் இருந்திருந்தால் தொகுப்பான் (கம்பைலர்) அப்போதே மறுத்திருக்கும். இம்ப்ளிமென்டேஷனில் அது அனுமதிக்கப்படுவதால், தொடக்க ஒழுங்குக்கும் உத்தரவாதம் கிடைத்துவிட்டதாக எண்ணக்கூடாது. வரியை இடம் மாற்றித் தப்புவது நிலைக்காது: நாளைக்கு இன்னொரு யூனிட் இடையில் சேர்ந்தால் ஒழுங்கு மறுபடியும் குலையலாம்.

பருத்தித்துறையிலிருந்து மறுமொழி:

மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் கோப்பைத் திறக்கும் வேலையே இனிஷியலைசேஷன் பகுதிக்கு உரியதன்று என்பது என் கருத்து. அங்கே எழும் எக்செப்ஷன் (ஓடும்போது நேரும் பிழை), பிரதான செய்நிரல் தொடங்கும் பிகினுக்கு முன்னரே எழுவதால், பிழையைப் பிடிக்கப் பிரதான செய்நிரலில் எழுதும் டிரை–எக்செப்ட் அதைப் பிடிக்காது. மாறிகளுக்குத் தொடக்கப் பெறுமானம் கொடுப்பதோடு அப்பகுதியை நிறுத்திவிட்டு, அமைவை வாசிக்கவும் பதிவேட்டைத் திறக்கவும் தனித்தனி புரொசீஜர் (பெயரிட்டு அழைக்கும் நிரல் துண்டு) எழுதிப் பிரதான செய்நிரலில் வரிசையாக அழையுங்கள். நிக்லவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கலில் யூனிட்டே இல்லை. அவருடைய பிந்திய மொழியான மொடியூலா-2இல், யூனிட்டைப் போன்ற மொடியூலுக்குத் தொடக்கத்தில் ஓடும் உடல் வந்தது. டர்போ பாஸ்கல் என்ற பாஸ்கல் தொகுப்பானுக்கு யூனிட் வந்தது 1987இல், 4ஆம் பதிப்போடு. கோ (Go) என்ற நிரல் மொழி இந்த வட்டச் சார்பை முற்றாகவே தடுக்கிறது. எனக்கு அந்தக் கண்டிப்புத்தான் பிடித்திருக்கிறது.

கொக்குவிலிலிருந்து:

நன்றி. அப்படியானால் பதிவுக் கோப்பை மூடுவதை, செய்நிரல் முடியும்போது ஓடும் பைனலைசேஷனில் விடலாமா?

பருத்தித்துறையிலிருந்து:

விடலாம். பைனலைசேஷன் பகுதிகள் தொடக்க ஒழுங்குக்கு நேர்மாறாக ஓடும். எனினும் கோப்பு திறக்கப்படாமலே செய்நிரல் நின்றிருக்கக்கூடும் என்பதால், திறந்திருக்கிறதா என்பதை ஒரு பூலியன் (ஆம்/இல்லை) மாறியில் வைத்துப் பார்த்த பின்னரே மூடுங்கள்.