பெரிய வீடியோ கேம் நிறுவனத்தை விலைக்கு வாங்குவது வியாபாரக் கணக்குக்கு ஒத்துவருமா?

தோட்டத்துக் கிராணி, சுங்கை சிப்புட்:
அனைவருக்கும் வணக்கம். நான் இங்கே ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். ஆறாம் படிவத்தில் வணிகவியல் பயிலும் என் மகன் கேட்ட கேள்விக்கு என்னால் நிறைவான விடை சொல்ல முடியவில்லை. மைக்ரோசாப்ட் 2022 ஜனவரியில் அறிவித்து 2023 அக்டோபரில் வாங்கி முடித்த ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற வீடியோ கேம் நிறுவனத்தின் விலை 68.7 பில்லியன் அமெரிக்க டாலர். அந்நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு நிகர இலாபமோ ஏறத்தாழ 2.7 பில்லியன் டாலர்தான். இலாபம் அதே அளவில் நின்றால் போட்ட முதலை எடுக்கவே 25 ஆண்டுகள் பிடிக்கும். செம்பனையை வெட்டி மறுநடவு செய்யும் காலமும் ஏறக்குறைய அதுவே. தோட்டத்தை வாங்கியவருக்கு மரம் போனாலும் நிலம் மிஞ்சும். இங்கே வாங்கியவருக்கு என்ன மிஞ்சும்?

கணக்காய்வாளர், ஈப்போ:
ஐயா, மிஞ்சுவது பெயர்களின் உரிமை. அந்நிறுவனத்தின் விளையாட்டுகளான வார்கிராஃப்ட் 1994 முதலும் கால் ஆஃப் டூட்டி 2003 முதலும் விற்பனையாகி வருகின்றன. அப்படி மக்கள் மனத்தில் நிலைத்த ஒரு பெயரைப் பணத்தை மட்டும் கொட்டி உருவாக்கிவிட முடியாது. என் பார்வையில் அதைவிடப் பெரிய காரணம் கைப்பேசி. கேண்டி கிரஷ் விளையாட்டை நடத்தும் கிங் நிறுவனத்தை ஆக்டிவிஷன் 2016இல் 5.9 பில்லியன் டாலருக்கு வாங்கியிருந்தது. கைப்பேசி விளையாட்டுச் சந்தையில் சொல்லிக்கொள்ளும் இடம் இல்லாத மைக்ரோசாப்ட்டுக்கு அது ஒரே நாளில் கைவந்தது. மேலும், விலை முழுவதும் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது; அதற்கான கடன் எதுவும் வாங்கப்பட்ட ஆக்டிவிஷனின் தலையில் ஏற்றப்படவில்லை. ஆகவே விலை அதிகம் என்றாலும் காரணம் இருந்தது என்றே சொல்வேன்.

இடைநிலைப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்:
காரணம் இருந்தது உண்மைதான். ஆனால் வாங்கிய பிறகு அந்தக் காரணத்தில் எவ்வளவு கையில் எஞ்சியது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஏப்ரலில் இந்த இணைப்பைத் தடுத்தது. அதன் ஒப்புதலைப் பெறுவதற்காக, ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்துக்கு வெளியே இவ்விளையாட்டுகளைப் பதிவிறக்காமல் இணையவழியே ஓடவிடும் உரிமையை மைக்ரோசாப்ட் யூபிசாஃப்ட் என்ற வேறொரு விளையாட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கால் ஆஃப் டூட்டி 10 ஆண்டுகள் போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியிலும் வரும் என்று அந்நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. போட்டியாளரிடம் இல்லாத ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்கும் பலன் அங்கேயே பெருமளவு கரைந்துவிட்டது.

அடுத்தது சந்தா. தனியே வாங்கினால் ஏறத்தாழ 70 டாலர் விலையுள்ள கால் ஆஃப் டூட்டி விளையாட்டை, 2024 அக்டோபரில் வெளியான நாளிலேயே, மாதக் கட்டணத்துக்குப் பல விளையாட்டுகளைத் தரும் மைக்ரோசாப்ட்டின் கேம் பாஸ் சந்தாவில் சேர்த்தார்கள். சந்தாதாரர் தனிப் பிரதி வாங்க மாட்டார். அந்த இழப்பைப் புதிய சந்தாக்கள் ஈடுகட்ட வேண்டும். இல்லையேல் கட்டணத்தை உயர்த்த வேண்டும். 2025 அக்டோபரில் உயர்நிலைச் சந்தாவின் அமெரிக்கக் கட்டணம் மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக ஏறியது. இதற்கிடையில், 2024 ஜனவரியில் மைக்ரோசாப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நீக்கியது. உரிமம் பெட்டியில் இருக்கலாம். அதை விளையாட்டாக்கும் கை வெளியே போனால் அந்தப் பெயர் எத்தனை காலம் விற்கும்? தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு இதை இலாப நட்டக் கணக்கின் ஒரு வரியாக மட்டும் பார்க்க மனம் வரவில்லை.

தோட்டத்துக் கிராணி:
ஐயா, டீச்சர், இருவருக்கும் நன்றி. இப்படியே விலைபேசப்பட்ட இன்னொரு வீடியோ கேம் நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கும் இதே கணக்குத்தானா?

கணக்காய்வாளர், ஈப்போ:
இல்லை, அது இதைவிடக் கடினமான கணக்கு. சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியமும் இரண்டு கூட்டாளிகளும் 2025 செப்டம்பரில் அறிவித்த 55 பில்லியன் டாலர் விலையில் 20 பில்லியன் கடன்; அதன் வட்டி வாங்கப்படும் நிறுவனத்தின் வருவாயிலிருந்தே போக வேண்டும். நூற்றுக்கு 6 வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வட்டியே 1.2 பில்லியன் ஆகிறது. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனத்தின் நிகர இலாபம் ஏறத்தாழ 1.1 பில்லியன். தொழிலிலிருந்து வந்த ரொக்கம் 2 பில்லியனைத் தாண்டியதால் வட்டியைக் கட்ட முடியும். ஆனால் கால்பந்து விளையாட்டைப் போல ஆண்டுதோறும் விற்கும் விளையாட்டுகளுக்கே பணம் ஒதுக்கப்படும். புதிய முயற்சிகளுக்கு மிஞ்சுவது குறையும். ஆசிரியை சுட்டிய ஆட்குறைப்பு அச்சமும் இங்கேதான் எனக்கு அதிகம். மைக்ரோசாப்ட் கொடுத்த விலையை என்னால் ஓரளவு நியாயப்படுத்த முடிகிறது. கடன் வாங்கிக் கொடுக்கும் இந்த விலையை நான் ஆதரிக்க மாட்டேன்.