‘நிறைவேற்றத் தக்கது’ சரி. அதன் எதிர்ச்சொல் என்ன?

நாஷுவாவிலிருந்து:

குழுமத்துப் பெரியோர்க்கு வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பு மாணவர்களை அடுத்த மாதம் கான்கார்டில் உள்ள அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டமன்றத்துக்கு அழைத்துச் செல்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளும் உடன் வருவதால் தமிழில் ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்து ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

இங்கே கீழவையில் 400 பேர், மேலவையில் 24 பேர். ஈராண்டுப் பதவிக்காலம் முழுமைக்கும் அவர்களுக்கு ஊதியம் 200 டாலர்தான். கீழவையில் வரி பற்றிய சட்டமுன்வடிவுகள் வருவாய் வழிவகைக் குழுவுக்குப் போகும். முடிதிருத்துவோர் முதல் மின்பணியாளர் வரை தொழில் உரிமம் தரும் வாரியங்களைப் பற்றியவையும், அரசு ஊழியர் ஓய்வூதியம் பற்றியவையும் நிர்வாகத் துறைகளுக்கான குழுவுக்குப் போகும். குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, தனக்குள் பேசித் திருத்தி, பிறகு வாக்கெடுத்து அவைக்குப் பரிந்துரை அனுப்பும். ஏற்கும் பரிந்துரைக்குப் பெயர் ‘ஆட் டு பாஸ்’. அதை ‘நிறைவேற்றத் தக்கது’ என்று எழுதிவிட்டேன். ஏற்காத பரிந்துரைக்குப் பெயர் ‘இன்எக்ஸ்பீடியன்ட் டு லெஜிஸ்லேட்’, அதாவது சட்டமாக்குவது நன்மை தராது என்பது. இதற்கு என்ன எழுதுவது?

சென்னையிலிருந்து:

அம்மா, ‘நிராகரிக்கப் பரிந்துரை’ என்று எழுதுங்கள். தாத்தாவுக்கும் புரியும், பேரனுக்கும் புரியும். இதற்குப் புதுச்சொல் எதற்கு?

மதுரையிலிருந்து:

நிராகரிப்பு வடசொல் என்பது இருக்கட்டும், பொருளே பொருந்தவில்லை. அதில் உள்ள ‘எக்ஸ்பீடியன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் ‘கால்’ என்னும் சொல். கட்டுண்ட காலை விடுவிப்பது என்பதிலிருந்து, காரியம் தடையின்றி நடக்க ஏதுவாவது என்ற பொருள் வந்தது. எதிர்மறை சேர்ந்தால் காலில் விலங்கு கிடக்கிறது என்றாகும். தமிழில் விலங்குக்குத் ‘தளை’ என்றொரு சொல் உண்டு. அச்சொல் யாப்பிலும் சீரோடு சீரைப் பிணைக்கிறது, ‘தளைப்படுதல்’ என்றால் சிறைப்படுதல். ஆகவே ‘தளையுறு முன்வடிவு’ என்பது வேரோடு ஒத்துப்போகும் ஆக்கம் என்று கருதுகிறேன். நேரிசை வெண்பாவில் தளை தட்டினால் நாம் என்ன செய்கிறோமோ, அதையே அந்தக் குழுவும் செய்கிறது.

சென்னையிலிருந்து:

ஐயா, தாத்தாக்கள் தளை தட்டியதா என்று பார்க்கக் கான்கார்டுக்குப் போகவில்லை. வேர்ச்சொல்லைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாகாது. ‘உகந்ததல்ல’ போதும்.

மதுரையிலிருந்து:

‘உகப்பே உயர்தல், உவப்பே உவகை’ என்கிறது தொல்காப்பிய உரியியல். உகத்தலுக்கு உயர்வு முதற்பொருள். பிற்காலத்தில் விருப்பம் ஏறியது. ஒரு குழு தனக்கு விருப்பமில்லை என்றா சொல்கிறது? இல்லை, இதைச் சட்டமாக்குவது நன்மை பயக்காது என்கிறது. விருப்பு வெறுப்பைக் குழுவின் வாயில் ஏற்றுவது தவறு.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். எங்கள் பக்கம் சட்டமூலம் என்பதுதான் வழக்கு; சட்டமுன்வடிவு என்றால் எங்கள் பிள்ளைகள் வரைவு என்று எடுத்துக்கொள்வார்கள். அதை இங்கே கிளப்பவில்லை. அக்கா, ஒரு விளக்கம் வேண்டும்: இந்தச் சொல் குழுவின் விதந்துரையை மட்டும் குறிக்கிறதா, சட்டமூலத்தின் முடிவையும் குறிக்கிறதா? விதந்துரை மட்டும் என்றால் ‘நிராகரிப்பு’ பிழை. முடிவு என்றால் ‘உகந்ததல்ல’ பிழை.

நாஷுவாவிலிருந்து:

நல்ல கேள்வி, இதைத் தொடக்கத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். பல மாநிலங்களில் குழுத் தலைவர் பட்டியலில் சேர்க்காமலே ஒரு சட்டமுன்வடிவை முடித்துவிடலாம். கலிபோர்னியாவில் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் நிதி ஒதுக்கீட்டுக் குழு அதைத் தனிக் கோப்பில் நிறுத்திவைக்கும். பிறகு ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவற்றின் பெயரை வாசித்துச் சாட்சியம் கேளாமலே முடிவு அறிவிக்கும். இங்கே அப்படி இல்லை. வந்த எல்லாவற்றுக்கும் பொதுமக்கள் கேட்பு உண்டு, எல்லாம் அவைக்குத் திரும்பியாக வேண்டும். குழுவுக்குள் புதைக்க இடமில்லாததால்தான் புதைப்பதற்கு ஒரு சொல் வேண்டியிருக்கிறது.

அந்தச் சொல் குழுவின் பரிந்துரை. அதுவே அவையில் முன்மொழிவாகவும் ஆகிறது. ஆகவே அந்த முன்மொழிவுக்கு ‘ஆம்’ என்று வாக்களித்தால் சட்டமுன்வடிவு மடிகிறது. அது தோற்றால் சட்டமுன்வடிவு உயிரோடிருக்கும், வேறு முன்மொழிவு வரலாம். உதாரணமாக, இங்கே சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது, பொது விற்பனை வரியும் கிடையாது; வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும் இருந்த வரியும் 2025 ஜனவரி 1 முதல் இல்லை. அதை மீண்டும் விதிக்க ஒருவர் சட்டமுன்வடிவு கொண்டுவந்து, குழு அதை இப்படிப் பரிந்துரைத்தால், வரி வேண்டும் என்பவர் ‘இல்லை’ என்றும் வேண்டாம் என்பவர் ‘ஆம்’ என்றும் வாக்களிக்க வேண்டும். பார்வையாளர் மாடத்தில் எங்கள் பெரியவர்கள் குழம்பப்போவது இங்கேதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அப்படியென்றால் சொல்லுக்குள் எதிர்மறை வெளிப்படையாகத் தெரிய வேண்டும். எங்கள் பழைய எழுத்தில் ‘உசிதமன்று’ என்று ஒன்று உண்டு. பொருள் சரியாக உட்காரும்.

மதுரையிலிருந்து:

தம்பி, உசிதம் வடசொல்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, நீங்கள் இலத்தீனில் கால் எடுக்கலாம், நான் வடமொழியில் ஒரு சொல் எடுக்கக்கூடாதா?

சென்னையிலிருந்து:

உசிதம் இப்போது எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியாது என்பது வேறு. முதற்சொல்லில் ‘தக்கது’ இருக்கிறதே, ‘தகாதது’ என்றால் இணை அமையுமே.

நாஷுவாவிலிருந்து:

அதைத்தான் முதலில் எழுதி அழித்தேன். செய்தித்தாளில் தகாத என்ற சொல் எதற்கு முன்னால் வருகிறது என்பது எல்லார்க்கும் தெரியும். தீயணைப்பு வீரர்களின் ஓய்வூதியச் சட்டமுன்வடிவைத் தகாதது என்றால் என் மாணவர்கள் சிரிப்பார்கள்; அவர்களைவிடத் தாத்தாக்கள் அதிகம் சிரிப்பார்கள்.

அந்த ஓய்வூதியக் கதை சிரிப்பதற்குரியதும் அல்ல. இங்கே பத்தாண்டுப் பணி முடிந்தால்தான் ஓய்வூதிய உரிமை முதிரும். 2011-ல் கொண்டுவந்த மாற்றத்தால், 2012 ஜனவரி 1-க்குள் உரிமை முதிராத காவலர்களும் தீயணைப்பாளர்களும் பணியில் சேர்ந்தபோது சொல்லப்பட்டதைவிடக் குறைவாகப் பெறும் நிலை வந்தது. அதைச் சரிசெய்யும் சட்டமுன்வடிவுகள் வரும்போது குழுவின் முன் இருப்பது நியாயம் பற்றிய கேள்வி மட்டுமில்லை. செலவு எவ்வளவு, அதை மாநிலம் தருமா, ஊராட்சிகள் தருமா என்ற கணக்கும் இருக்கிறது. கோரிக்கை நியாயம் என்று ஒப்புக்கொண்டே ஒரு குழு இந்தப் பரிந்துரையைச் செய்யலாம். அந்த இடத்தில் தகாதது என்ற சொல் அநியாயம் செய்யும்.

மதுரையிலிருந்து:

இப்போதுதான் விவாதம் நேர்வழிக்கு வந்தது. தளையைத் திரும்பப் பெறுகிறேன், மனமில்லாமல். ‘செயற்பால தோரும் அறனே ஒருவற்கு, உயற்பால தோரும் பழி’ என்ற குறளில் செய்ய வேண்டியதும் ஒழிக்க வேண்டியதும் ஒரே விகுதியில் இணையாக நிற்கின்றன. ‘நிறைவேற்றற்பாலது’, ‘ஒழித்தற்பாலது’ என்றால் முடிந்தது.

சென்னையிலிருந்து:

ஐயா, அந்தக் குறள் அறத்துப்பால். பழி என்கிறது. அம்மா தவிர்க்க விரும்புவதே அதைத்தான். பொருட்பாலுக்கு வாருங்கள்: ‘செய்தக்க அல்ல செயக்கெடும்’. தெரிந்துசெயல்வகை அதிகாரம், பழியோ பாவமோ பேசவில்லை, செய்தால் கெடும் என்று கணக்குப் பார்க்கிறது. அடுத்த அடியில் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டாலும் கெடும் என்கிறது. ஓய்வூதியக் குழு சுவரில் மாட்டிக்கொள்ளலாம். ‘தகாதது’ வேண்டாம், ‘தக்கதல்ல’ என்று பிரித்து எழுதினால் செய்தித்தாள் வாடை போய்விடும். ‘சட்டமாக்கத் தக்கதல்ல’.

மதுரையிலிருந்து:

இவ்வளவு தூரம் குறளைக் கொண்டுவந்தவர் ஒருமை பன்மையைப் பார்க்கவில்லை. குறளில் ‘செய்தக்க’ பன்மை, எனவே ‘அல்ல’. நீங்கள் சொல்வது ஒரு சட்டமுன்வடிவை. ‘தக்கதன்று’.

யாழ்ப்பாணத்திலிருந்து:

பொருளில் உடன்படுகிறேன். ஆனாலும் மாடத்தில் இருந்து கேட்பவருக்கு, ‘ஆம் என்றால் இது வேண்டாம்’ என்று ஒரு அடைப்பு வரி போடாமல் எந்தச் சொல்லும் உதவாது. உசிதமன்று என்பதையும் நான் கைவிடவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

நாஷுவாவிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. ‘சட்டமாக்கத் தக்கதன்று’ என்று எழுதி, யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன வரியையும் சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தொழில் உரிமம் பற்றிய பக்கத்தில், எதிர்ப்பில்லாத பரிந்துரைகளை மொத்தமாக ஒரே வாக்கில் ஏற்கும் பட்டியலை ‘இசைவுப் பட்டியல்’ என்று குறித்து, அதற்குக் கீழே ‘சட்டமாக்கத் தக்கதன்று: நான்கு முன்வடிவுகள்’ என்று ஒரு மாதிரியும் கொடுத்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து:

அம்மா, நான்கு முன்வடிவுகள் என்றால் அந்தப் பக்கத்தில் மட்டும் ‘தக்கன அல்ல’ என்று வர வேண்டும். அச்சகத்தாரிடம் இப்போது சொன்னால் மாற்றிவிடலாம் அல்லவா?