வேலையைச் சொல்லாமல் உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

சிற்றலை கேட்பவன், மன்னார்குடி

நான் சிற்றலை வானொலி கேட்பவன். யாராவது “நீங்க என்ன பண்றீங்க?” என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன். கணக்கு எழுதிச் சம்பாதிப்பது அப்புறம்தான் வரும். இப்படிச் சொல்லப் பழகிய பிறகு என்னிடம் வந்து பேசிய மனிதர்களே வேறு. உங்களுக்கும் இப்படி ஒரு விநோத ஈடுபாடு இருக்கும். அதைச் சொல்லப்போய் யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்கள். முதலில் நான் எழுதுகிறேன்.

எஃப்.எம். அலை ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். சிற்றலை வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வந்து இறங்கும். பகலில் உயர்ந்த அலைவரிசைகள் நன்றாக எடுக்கும். இருட்டிய பிறகு 41 மீட்டர், 49 மீட்டர் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் விழித்துக்கொள்ளும். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சிக்கும் இதில் பங்கு உண்டு. நேற்று பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்ட நிலையம் இன்று இருந்த இடம் தெரியாது. இன்றைக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாமல் திருகியைத் திருப்புகிற அந்த நேரத்துக்காகத்தான் இத்தனையும்.

பலர் “ஹாம் ரேடியோவா?” என்று கேட்பார்கள். ஹாம்காரர்கள் ஒலிபரப்பவும் செய்வார்கள். தேர்வெழுதி உரிமம் வாங்கியவர்கள். நம் நாட்டில் அவர்களுடைய அழைப்புக்குறி ‘வி.யூ.’ என்று தொடங்கும். நாங்கள் கேட்பதோடு சரி. இதற்கு டி.எக்ஸ். என்று பெயர். மொட்டைமாடியிலிருந்து கொல்லைத் தென்னை வரைக்கும் ஒரு செம்புக் கம்பி, ஒரு டெக்சன் ரேடியோ, ஒரு நோட்டு, ஒரு கடிகாரம். கடிகாரம் உலக நேரத்தில் ஓடவேண்டும், அதாவது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் பின்னால். எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாமே இரைச்சலைக் கிளப்பும். அதனால் தெருவில் கரண்ட் போனால் நான் ரேடியோவோடு மாடிக்குப் போய்விடுவேன். மின்வெட்டு இரவில் கேட்பது தனிச் சுகம்.

கேட்ட நிலையத்துக்கு அறிக்கை எழுதுவோம்: தேதி, நேரம், அலைவரிசை, நிகழ்ச்சியில் என்ன வந்தது, ஒலி எப்படி இருந்தது. ஒலியை ‘சின்போ’ முறையில் ஐந்து எண்களால் சொல்வோம். ஒலியின் வலு, மற்ற நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், அலை பரவும் தன்மை, மொத்தத் தரம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 55555 என்றால் பழுதே இல்லை. அறிக்கை சரியாக இருந்தால் நிலையத்தார், நாங்கள் கேட்டதை உறுதிசெய்து க்யூ.எஸ்.எல். அட்டை அனுப்புவார்கள். ருமேனிய வானொலியிலிருந்தும் ஜப்பானின் என்.ஹெச்.கே.யிலிருந்தும் வந்த அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கும்போது வரும் மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

சரி, மனிதர்களுக்கு வருகிறேன்.

புதிய அலுவலகத்தில் சேர்ந்தபோது எல்லோரையும் நிற்கவைத்து அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். நான் இதைச் சொன்னேன். “இப்ப யாருங்க ரேடியோ கேட்கிறாங்க?” என்று ஒருவர் கேட்டார், மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே அவருடைய அப்பா சேர்த்துவைத்த உறைகள், வாழ்த்து அட்டைகள், காகிதத்தில் வெட்டிய பூ வேலைகள். எல்லாம் பெய்ஜிங்கிலிருந்து வந்தவை. சீன வானொலி 1963இல் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட அதற்கு நேயர் மன்றங்கள் இருந்தன. நேயர் கடிதத்தில் தம் பெயரை வாசிப்பார்களா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து காத்திருந்தவர்கள் ஏராளம். அவருடைய அப்பா அப்படி ஒருவர். அவர் இறந்த பிறகு இதையெல்லாம் என்ன செய்வது, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பரணில் வைத்திருந்தாராம். “இது என்னன்னு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டணும்னு இருந்துச்சு” என்றார். மதிய இடைவேளைகளில் ஒவ்வொன்றாகப் பார்த்து, தபால் முத்திரையில் இருந்த தேதிப்படி அடுக்கிக் கொடுத்தேன்.

இன்னொருவரை நான் வாழ்நாள் முழுதும் மறக்க மாட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் வரும் பயணிகள் ரயிலில் எதிரில் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு வந்த பெரியவர். என் மடியில் இருந்த ரேடியோவைப் பார்த்துவிட்டு, “தம்பி, உது சிற்றலை எடுக்குமோ?” என்று கேட்டார். எடுக்கும் என்றேன். அவ்வளவுதான், திருவாரூர் வரை அவர் பேசினார்.

1990களில் இலங்கையின் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலம். தடை செய்யப்பட்ட பொருள்களில் பேட்டரியும் உண்டு. மின்சாரம் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து ரேடியோவுக்குக் கம்பி இழுத்துக் கேட்டார்களாம். “இரவு ஒன்பதேகாலுக்குத் தமிழோசை. அதுக்கு முதலே அயல்சனமெல்லாம் எங்கட முற்றத்திலை வந்து குந்தியிடும். நான் சின்னப் பெடியன் இல்லை அப்ப, ஆனாலும் சுத்துறது நான்தான். வேகம் குறைஞ்சா சத்தம் குறைஞ்சிடும், எல்லாரும் என்னைத்தான் பாப்பினம்.”

தமிழோசை என்பது பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு. பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு 1941இல் தொடங்கியது. 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு வானொலிச் சேவை நின்றது. அந்தக் கடைசி ஒலிபரப்பைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். போடச் சொன்னார். ரயில் சத்தத்தில் சரியாகக் கேட்காமல், காதோடு போனை வைத்துக்கொண்டு குனிந்து கேட்டார். நான் இருட்டில் ருமேனியாவைத் தேடிக்கொண்டிருந்த மாதிரி அவர் தேடவில்லை. எந்தப் பக்கம் சண்டை, பாதை திறந்திருக்கிறதா, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பத்திரமா, இவற்றுக்குத்தான் அவர்கள் பெடலைச் சுற்றியிருக்கிறார்கள். கணக்கு எழுதுபவன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்திருந்தால், மடியில் ரேடியோ இல்லாதிருந்தால், இந்தக் கதை என் காதுக்கு வந்திருக்காது.


கல் பார்க்கும் டீச்சர், திருவண்ணாமலை

மன்னார்குடிக்காரரே, அந்தப் பெரியவர் பேச்சைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை.

நான் நடுகல் தேடிப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியை எடுத்துக்கொண்டு செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் கிளம்பிவிடுவேன். போரிலும், ஆநிரை மீட்பதிலும், புலியோடு சண்டையிட்டும் இறந்தவர்களுக்கு நட்ட கற்கள் எங்கள் மாவட்டத்தில் வயலோரம், ஏரிக்கரை, புளியமரத்தடி என்று எங்கும் நிற்கின்றன. பல்லவர் காலத்துக் கற்கள் பலவற்றில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து இருக்கும். தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்கள் தொகுப்பு 1972இல் வந்தது. அதன் நகலைப் பையில் வைத்துக்கொண்டுதான் சுற்றுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கிராமத்தில் அறிமுகம் என்றால் இரண்டு கேள்வி: “எந்த ஊரும்மா? யாரு வூட்டுப் பொண்ணு?” நான் “கல்லு பார்க்க வந்தேன்” என்று பதில் சொல்வேன். உடனே முகம் மாறும். புதையல் தேடி வந்தவளோ என்ற சந்தேகம். அது நியாயமான சந்தேகம்தான். புதையல் ஆசையில் கல்லைப் பெயர்த்துப்போட்டவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அதனால் நான் முதலில் கல்லிடம் போகமாட்டேன். திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அந்தக் கல்லுக்கு அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் “வேடியப்பன்” என்பார்கள். பொங்கல் வைப்பார்கள், கிடா வெட்டுவார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் சோறு படைக்க ஆள் இருக்கிறது.

எனக்கு உயிரான கல் எடுத்தனூரில் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்தான். கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் இருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ அரசர்களின் மனைவிமார் பெயர்கூட நமக்குத் தெரியாது. எருமை காத்த ஒருவனின் நாய்க்குப் பெயர் இருக்கிறது, அது கல்லில் நிற்கிறது! இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் தங்கள் நாயின் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அதன்பிறகு வட்டெழுத்துப் பாடம் தானாக நடக்கும்.

நான் சொல்ல வந்த சந்திப்பு வேறு. ஊர்ப்பெயர் வேண்டாம், கல்லுக்குப் பாதுகாப்பு இல்லை. ஆடு மேய்க்கும் ஒரு ஆயா, என் கையில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு நின்றார். வெயிலைக் கண்ணாடியால் திருப்பிக் கல்லின் மேல் பக்கவாட்டில் அடித்தால், தேய்ந்த எழுத்துகளின் குழியில் நிழல் விழும், படிக்க முடியும். அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். “அது என்னாம்மா சொல்லுது?” என்றார். தெரிந்த அளவுக்குப் படித்துக் காட்டினேன்: இன்ன ஊர், இன்னாருடைய மகன், மாடு மீட்டுச் செத்தான். ஆயா தலைச்சீலையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு புதருக்குள் போனார். அங்கே இன்னொரு கல், பாதி மண்ணுக்குள். சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பா காட்டியதாம். “நீ கேக்கற ஆளு, உனக்குச் சொல்லலாம்” என்றார். அந்தக் கல்லைப் பற்றித் தொல்லியல் துறைக்கு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் வந்து எழுத்தைத் தாளில் மையால் படியெடுத்த அன்று ஆயாவும் ஆடுகளோடு வந்து நின்றார்.


கூழ் காய்ச்சுபவள், டொராண்டோ

மன்னார்குடி அண்ணை, அந்தச் சைக்கிள் எங்கட வீட்டிலும் இருந்தது. சுற்றியது என் மாமா.

எனக்குப் பெரிய பொழுதுபோக்கு ஒன்றும் இல்லை. ஒடியல் கூழ் காய்ச்சுவேன். இங்கே புதிதாக ஒருவரைச் சந்தித்தால் அதைத்தான் சொல்லுவேன். தெரியாத ஆட்களுக்காகச் சொல்கிறேன்: பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, மேல் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கசக்கும், உடம்புக்கும் கூடாது. அப்புறம் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கை இலை, புளி, செத்தல் மிளகாய். ஊரில் பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றிக் குடிப்போம். இங்கே கிண்ணம்தான்.

வேலையிடத்தில் கேரளப் பெண் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, தன் அம்மம்மாவின் கப்பையையும் (அவர்கள் மரவள்ளியை அப்படித்தான் சொல்வார்கள்) மீனையும் பற்றிச் சொன்னாள். அவளை வீட்டுக்குக் கூப்பிட்டேன். பனிக் காலம், ஜன்னல் எல்லாம் மூடியபடி, அடுப்படி முழுக்க நண்டு மணம். அவள் இரண்டு கிண்ணம் குடித்தாள். அடுத்த முறை அவளுடைய மீன்குழம்பும் கப்பையும் எங்கட வீட்டுக்கு வந்தது. என் மகளுக்கு இப்போது இரண்டு ஊர்ச் சாப்பாடும் வேண்டும்.


கல்லூரி மாணவன், தேனி

டீச்சர், எங்கள் மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தோடு நடுகற்கள் கிடைத்தன என்று படித்திருக்கிறேன். ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்ற வரி எனக்கு மனப்பாடம். ஆகோள் என்றால் மாடு கவர்தல். ஆனால் நேரில் ஒரு நடுகல்லைக்கூடப் பார்த்ததில்லை. எப்போது வந்தால் நன்றாகத் தெரியும்?


கல் பார்க்கும் டீச்சர், திருவண்ணாமலை

தம்பி, அந்த வரி மனப்பாடமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. விடியற்காலை அல்லது வெயில் சாயும் நேரம் வா. உச்சி வெயிலில் எழுத்து மறைந்துவிடும். சுண்ணாம்போ பவுடரோ பூசிப் படிக்காதே, கல் கெடும். ஒரு டார்ச் போதும், பக்கவாட்டில் பிடித்தால் சரி. செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போ, ஊர்க்காரர்களுக்கு அது சாமி. வரும் ஞாயிறு எடுத்தனூருக்குப் போகிறேன், திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்கு ஐந்தரைக்கு வந்துவிடு. மன்னார்குடிக்காரரும் ரேடியோவோடு வரலாம், அந்தப் பக்கம் இரைச்சல் கிளப்ப ஒரு இன்வெர்ட்டர்கூடக் கிடையாது.


சிற்றலை கேட்பவன், மன்னார்குடி

வருகிறேன். கம்பி கட்ட மரம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.