செய்தி என்று நம்பிய அரசு விளம்பரம்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

ஒகாயோவாசி:
2004 பிப்ரவரியில், அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் மருந்துச் சட்டம் பற்றி ஒரு காணொளித் துண்டு எங்கள் ஊர் தொலைக்காட்சியின் மாலைச் செய்தியில் வந்தபோது, அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மருந்துச் செலவு எழுதும் நோட்டில் அதை வரிவரியாகக் குறித்துக்கொண்டார். “வாஷிங்டனிலிருந்து கேரன் ரையன்” என்று முடிந்ததும் அந்தப் பெயரையும் எழுதி அடிக்கோடிட்டார். அந்த ரையன் செய்தியாளராகப் பேசவில்லை, அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையின் பணத்தில் அமர்த்தப்பட்டுப் பேசினார் என்பது அடுத்த மாதம் நாளிதழில் வந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. 2006இல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மொத்த மருந்துச் செலவு 2,250 டாலரைத் தாண்டியதிலிருந்து 5,100 டாலரைத் தொடும்வரை அப்பா முழுவதையும் கைப்பணத்தில் கட்ட வேண்டியிருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தோம்; அந்த இடைவெளி பற்றி ஒரு வரியும் இல்லை. “நான்தான் எழுதாமல் விட்டுவிட்டேனா?” என்று அவர் கேட்டது இன்னும் என் மனத்தை அறுக்கிறது.

பழைய படத்தொகுப்பாளர்:
அந்த ஆண்டுகளில் நான் ஒரு சிறிய தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்த்தேன். இத்தகைய துண்டுகள் செயற்கைக்கோள் வழியாக, எங்கள் வாசிப்பாளர் படிக்க வேண்டிய முன்னுரையோடு சேர்ந்தே வரும். தொடக்கத்தில் அனுப்பிய துறையின் பெயர் சில நொடிகள் தெரியும். ஒரு மாலை அந்த நொடிகளை வெட்டியது என் கைதான். துறை எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. பார்ப்பவரிடம் மறைத்தவர்கள் நாங்கள்.

மேரிலாந்துக்காரர்:
மேலே எழுதியவரின் மனச்சான்றை மதிக்கிறேன், ஆனால் அரசை அவர் இவ்வளவு எளிதாக விடுவிப்பதை ஏற்க முடியாது. நிலையத்துக்குத் தெரிந்தால் போதாது, பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதே 2004 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் சொன்ன முடிவு. 40 நிலையங்கள் ஒளிபரப்பியிருந்த அந்தத் துண்டுகளைச் சட்டவிரோதப் பிரசாரம் என்றே அது தீர்மானித்தது. தகவலை மட்டும் சொன்னால் அது பிரசாரம் ஆகாது என்று 2005இல் அரசின் நீதி அமைச்சகம் வாதிட்டது. வாசிப்பாளருக்கு முன்னுரை வரை எழுதிக் கொடுப்பவருக்கு, செய்தியாகத் தோன்ற வேண்டும் என்பதைத் தவிர வேறு என்ன நோக்கம் இருக்க முடியும்? போதைப்பொருள் தடுப்பு அலுவலகம் தயாரித்த இத்தகைய ஒன்றை, அன்றைய செய்தி என்று என் மகன் வகுப்பில் எழுதிக் கொடுத்து மதிப்பெண் வாங்கி வந்தான்.

ஹூஸ்டன் அம்மா:
நானும் ஒருமுறை ஏமாந்தேன். அதைவிட, ஒகாயோவாசிக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செய்தியில் மறுத்துப் பேசும் ஒருவராவது வருகிறாரா, அதிகாரிக்குச் சங்கடமான கேள்வி ஒன்றாவது கேட்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். ஐயம் இருந்தால், படம் எடுத்தது யார் என்று நிலையத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். பொருளை வழங்கியவர் யார் என்று அறிவிக்கும் கடமையை 2005 ஏப்ரலில் ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. எல்லா நிலையங்களுக்கும் நினைவூட்டியிருக்கிறது. மெடிக்கேர் கணக்குக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் இலவச ஆலோசனை மையம் உண்டு. அப்பாவை நோட்டோடு அழைத்துச் செல்லுங்கள். அவர் எழுதுவதை நிறுத்திவிடக் கூடாது. பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதைச் சொன்னவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று குறிக்கச் சொல்லுங்கள்.