மறு: லாக் மெசேஜ் ஃபார்மேட் – பதிகை வார்ப்புருவா, பதிகை வாய்பாடா?

எல்லாருக்கும் வணக்கம்,

நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளோட தமிழாக்கத்தை வர்ற வெள்ளிக்கிழமை பூட்டிடுவாங்க, அப்புறம் அடுத்த வெளியீடு வரைக்கும் கை வைக்க முடியாது. செட்டிங்ஸ்ல ஒரு பக்கம் பாக்கி. ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் அனுப்புற ஒவ்வொரு சிஸ்லாக் வரியும் (கருவி தன்கிட்ட நடக்குறதைக் குறிச்சு அனுப்புற லாக் செய்தி) எப்படித் தெரியணும், நேரம் முன்னாடியா கருவிப் பேர் முன்னாடியா, தீவிரத்தை எண்ணா காட்டணுமா சொல்லா காட்டணுமா, எல்லாம் நிர்வாகி இஷ்டப்படி மாத்திக்கலாம். அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு வேணும். இப்போதைக்கு "பதிவுச் செய்தி வடிவமைப்பு"ன்னு போட்டிருக்கேன், திருப்தியா இல்ல.

—

> பதிவுச் செய்தி வடிவமைப்பு

பதிவு வேணாங்க. பிளாகும் பதிவு, ரெஜிஸ்டர் பண்றதும் பதிவு, டேட்டாபேஸ் ரெக்கார்டும் பதிவு. விக்கிப்பீடியால புகுபதிகை, விடுபதிகை பழகிப்போச்சு, அதோட ஒட்டி லாகுக்குப் பதிகைன்னே வைக்கலாம். வடிவமைப்புன்னா டிசைன்னுதான் படிப்பாங்க, அதனால வார்ப்புரு, அதாவது டெம்ப்ளேட். "பதிகை வார்ப்புரு", முடிஞ்சது.

—

முடியல ஐயா. -கை தொழிற்பெயர் விகுதி. வருகை, செய்கை மாதிரி பதிகைன்னா பதியுற செயல், பதிஞ்சு கிடக்குற வரி இல்ல. செயலுக்கும் பொருளுக்கும் ஒரே சொல்லான்னு யோசிங்க.

—

அறிக்கை கையில குடுக்குற தாள்தானே? "வற்றல் தின்றான்"னு இலக்கணத்துல படிச்சோமே, தொழிலாகுபெயர். பதிகை தாராளமா நிக்கும்.

எனக்கு உறுத்துறது வார்ப்புருதான். அச்சுல வார்த்தா வார்த்தபடியே வரும், இங்க முழு விஷயமே வளைஞ்சு குடுக்குறதுல இருக்கு. நம்மகிட்ட இதுக்குன்னே பழைய சொல் இருக்கு: வாய்பாடு. "செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்"னு சொல்றப்ப செய்துங்கிறது ஒரு காலி இடம்தான், அதுல வந்து, போய், உண்டு எது வேணா உக்காரும். நிரைநேர் புளிமான்னு சொன்னாலும் அதேதான், எந்தச் சொல்லா இருந்தாலும் அசை பொருந்தினா போதும். செய்தியில மதிப்பு வந்து உக்காரணும்னு விட்டு வைக்குற %1, %2 குறிகள் பண்றதும் அச்சு அசல் இதே வேலை. பதிகை வாய்பாடு!

—

பத்தாங்கிளாஸ் பையன்கிட்ட வாய்பாடுன்னா ஈரெண்டு நாலும்பான். நெட்வொர்க் விழுந்து கிடக்குற நேரத்துல ராத்திரி டியூட்டில இருக்குறவருக்குப் புளிமா எதுக்கு? "லாக் ஃபார்மேட்"னே எழுதுங்க.

—

லகரம் மொழிக்கு முதல்ல வராது, எழுதுறதா இருந்தா "இலாக்"னு எழுதணும்.

—

இலாக்னு எழுதினா இலாகான்னு படிப்பாங்க தோழர்.

சொல் ஒருபக்கம் இருக்கட்டும், இன்னொண்ணு யாரும் கேக்கல. "%1இலிருந்து %2க்கு வந்த இணைப்பு மறுக்கப்பட்டது" வரில வேற்றுமை உருபு எதுல ஒட்டும்? %1 எடத்துல ஐபி முகவரி வரலாம், கருவிப் பேர் வரலாம், பேர் மெய்யில முடிஞ்சா ஒரு மாதிரி, உயிர்ல முடிஞ்சா உடம்படுமெய் வேற. புரோகிராமுக்குப் புணர்ச்சி தெரியாது. நான் எப்பவும் "%1 எனும் முகவரியிலிருந்து %2 எனும் வாயிலுக்கு"ன்னு நடுவுல ஒரு பெயர்ச்சொல்லை நிறுத்திடுவேன், உருபு அதுல ஒட்டிக்கும். வரி நீளுது, ஆனா எங்கயும் உடையாது. %1, %2ல இருக்குற இடஎண்ணையும் விட்றாதீங்க, இங்கிலீஷ் மூலத்துல வினை முன்னாடி வந்தாலும் நமக்குக் கடைசிக்குத்தான் போகும், எண் இல்லேன்னா மதிப்புகள் எடம் மாறி வேற கருவி மேல பழி விழும்.

—

அதோட தீவிர நிலைகளையும் பாத்துருங்க. சிஸ்லாக்குக்கான தரநிலை ஆவணம், 2009ல வந்த ஆர்எஃப்சி 5424ல 0லேருந்து 7 வரைக்கும் எட்டு நிலை, 0தான் மோசமானது. கோப்புல அலர்ட்டும் வார்னிங்கும் ரெண்டுமே "எச்சரிக்கை"ன்னு இருக்கு. ஒண்ணு 1, இன்னொண்ணு 4. 1ன்னா உடனே போய்ச் சரிபண்ணுன்னு அர்த்தம். தமிழ்ல வடிகட்டி வெக்கிற நிர்வாகி எதைப் பிடிக்குறோம்னு தெரியாமலே பிடிப்பாரு. இது தலைப்பை விட அவசரம்.

—

எல்லாருக்கும் நன்றி. அலர்ட் "உடனடி நடவடிக்கை", வார்னிங் "எச்சரிக்கை", மாத்திட்டேன். உருபு ஒட்டுற வரிகளையும் "எனும்" போட்டுத் திருத்திட்டு இருக்கேன். தலைப்புல நிறையப் பேர் "பதிகை வார்ப்புரு" பக்கம் நிக்கிறாங்க, அதையே ஏத்துறேன்.

—

ஏத்துங்க, தடுக்கல. ஆனா என் எதிர்ப்பு பதிவாகட்டும். இதே மென்பொருள்ல அலர்ட் மெயிலுக்கு நிஜமாவே ஒரு டெம்ப்ளேட் இருக்கு, அதுக்கும் வார்ப்புருன்னுதான் போட்டிருக்கோம். ரெண்டும் ஒரே மெனுவுல பக்கத்துப் பக்கத்துல வருது. அடுத்த வெளியீட்டுக்கு வாய்பாட்டை மறுபடி எடுத்துட்டு வருவேன்.

—

மறுபடி பதிகைன்னா... இப்ப இல்ல, சனிக்கிழமை பேசலாம்.