இசிஜி லீட் 1, 2-ல் மட்டும் கரண்ட் இரைச்சல், லீட் 3 சுத்தம். எர்த்தா, கேபிளா?

கேள்வி
ஆரம்ப சுகாதார நிலையத்து 12 லீட் இசிஜி மெஷின். கொஞ்ச நாளாக லீட் (தாளில் வரும் தனித்தனிப் பதிவு) 1, 2 இரண்டிலும் கோடு தடித்து ரம்பப் பல் மாதிரி வருகிறது. லீட் 3 சுத்தம். மார்பு லீட்களான வி1 முதல் வி6 வரை லேசாக இருக்கிறது. யாருக்கு எடுத்தாலும் இதே கதை. ஏசி ஃபில்டர் (கரண்ட் இரைச்சலை வடிகட்டுவது) போட்டால் குறைகிறதே தவிரப் போகவில்லை. புது கேபிளுக்கு எழுதிப் போட்டால் வர நாளாகும். வேறு வழி உண்டா?

பதில் 1
எர்த்தாகத்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

பதில் 2
எர்த் என்றால் லீட் 3 மட்டும் எப்படித் தப்பிக்கும்? எர்த்தோ வலது காலின் கறுப்பு ஒயரோ போனால் எல்லா லீடும் சேர்ந்து கெடும். லீட் 1 இரு கைகளுக்கு இடையே. லீட் 2 வலது கைக்கும் இடது காலுக்கும் இடையே. லீட் 3-ல் வலது கைக்கு வேலையே இல்லை. ஆகவே வலது கையின் சிவப்பு ஒயர், அதைக் கையில் பிடிக்கும் கிளாம்ப், அடியிலுள்ள தோல், இவற்றில்தான் கோளாறு. வி லீட்களுக்கு ஒப்புப் புள்ளி இரு கை, இடது கால் மூன்றின் சராசரி. வலது கை இரைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அங்கே போய்ச் சேருகிறது, அதான் லேசாகத் தெரிகிறது.

25 மி.மீ. வேகத்தில் ஒரு பெரிய கட்டத்துக்குள் பல்லை எண்ணுங்கள். சீராக 10 இருந்தால் 50 ஹெர்ட்ஸ், கரண்டுதான். ஒழுங்கில்லாமல் பொடிப்பொடியாக இருந்தால் தசை நடுக்கம்.

பிறகு சிவப்பு, மஞ்சள் (இடது கை) ஒயர்களை மட்டும் கிளாம்பிலிருந்து உருவி இடம் மாற்றிச் சொருகுங்கள். இரைச்சல் 1, 2-லேயே நின்றால் ஒயர். 1, 3-க்குத் தாவினால் கிளாம்ப் அல்லது தோல். அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள், லீட் 1 தலைகீழாக இருக்கும். ஒயர்களைத் திரும்ப மாற்ற மறக்க வேண்டாம்.

கேட்டவர்
எண்ணினேன், 10. மாற்றியதும் 1, 3-க்கு வந்துவிட்டது! கிளாம்பின் உள்தகடு கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருக்கிறது. இங்கே ஸ்கேன் ஜெல்தான் போடுகிறோம்.

பதில் 2
அப்படியானால் கேபிளுக்கு எழுத வேண்டாம், கிளாம்புக்கு எழுதுங்கள். அதுவரை தகட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். உப்புத்தாள், கத்தி கூடாது, மேல்பூச்சு போய்விடும். ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்கேன் ஜெல் ஒலியைக் கடத்தச் செய்தது. இசிஜி ஜெல்லில் உள்ள உப்பு அதில் இல்லாததால் கரண்டைச் சரியாகக் கடத்தாது. எண்ணெய் தேய்த்த கையென்றால் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் இசிஜி ஜெல் பட்டாணி அளவு போதும். மார்பில் ஒரே பட்டையாக இழுத்துவிடாதீர்கள். மார்பில் ஒட்டும் ரப்பர் பல்புகளுக்கு நடுவே ஜெல் சேர்ந்தால் பக்கத்துப் பக்கத்து வி லீட்கள் ஒரே மாதிரி வரும்.

பதில் 3
மல்டிமீட்டர் வைத்து ஒயர் பார்ப்பவர்களுக்கு: சைபர் ஓம் காட்டவில்லை என்று கேபிளைக் குப்பையில் போடாதீர்கள். நோயாளியின் இதயத்துக்கு டிஃபிப்ரிலேட்டரால் ஷாக் கொடுக்கும்போது மெஷின் எரியாமலிருக்கப் பல கேபிள்களில் ஒவ்வொரு ஒயரிலும் 10 கிலோ ஓம் போல ரெசிஸ்டர் இருக்கும். பத்து ஒயரும் ஏறக்குறைய ஒன்றுபோல் காட்ட வேண்டும். முனையருகே வளைக்கும்போது எண் குதித்தால் உள்ளே அறுந்திருக்கிறது.

இரைச்சலை மறைக்க 25, 35 ஹெர்ட்ஸ் மசில் ஃபில்டரைப் போட்டே வைத்திருப்பது கெட்ட பழக்கம். கியூஆர்எஸ் (இதயத் துடிப்பின் உயரமான கூர்முனை) உயரம் குறையும், பேஸ்மேக்கர் கோடு மங்கும். 150 ஹெர்ட்ஸில் விடுங்கள். நெஞ்சுவலிக்காரருக்கு எடுக்கும்போது பேஸ்லைன் ஃபில்டர் (கோடு மேலும் கீழும் அலைவதைத் தடுப்பது) 0.05 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மெஷின்களில் 0.5 வைத்தால் எஸ்டி பகுதி (கியூஆர்எஸ்ஸுக்கு அடுத்த பகுதி, மாரடைப்புக்குப் பார்ப்பது) இல்லாத ஏற்ற இறக்கத்தைக் காட்டும்.