14 மாதக் குதிரைக் குட்டிக்கு அமினோ அமில டானிக் தேவையா?

பவானிக்கரை:
வணக்கம். சென்ற ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் வாங்கிய கத்தியவார் பெண் குட்டி ஒன்றை வளர்த்து வருகிறேன். இப்போது அதற்கு 14 மாதம் ஆகிறது. நாடாவால் அளந்து கணக்கிட்டதில் எடை ஏறத்தாழ 250 கிலோ. நாள்தோறும் காய்ந்த கொழுக்கட்டைப் புல் 4 கிலோவும், கோதுமைத் தவிடு ஒன்றரை கிலோவும், இரவெல்லாம் ஊறவைத்த கொள்ளு அரைக் கிலோவும் கொடுக்கிறேன். குடற்புழு நீக்கம் முறையாகச் செய்திருக்கிறேன். ஆனாலும் வயிறு பெருத்தும், முதுகில் சதை பிடிக்காமல் தண்டெலும்பு துருத்திக்கொண்டும் இருக்கிறது. முன்னங்கால் குளம்புகளின் ஓரம் வேறு உதிர்கிறது. மருந்துக் கடையில் அமினோ அமில டானிக் ஒன்றை நாளுக்கு 30 மில்லி கொடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு 10 மில்லியிலும் லைசின் என்ற அமினோ அமிலம் 100 மில்லிகிராம் இருப்பதாகப் புட்டியில் அச்சிட்டிருக்கிறது. இது பயன் தருமா?

லாயக்காரர்:
கொள்ளை ஊறவைத்தால் மட்டும் போதாது, வேகவைக்க வேண்டும். பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. அது வெந்தால்தான் அழியும். ஒரு பருப்பை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும், நடுவில் நறுக்கென்று ஏதும் தட்டுப்படக் கூடாது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பதெல்லாம் மனிதருக்குச் சொன்னது. வளரும் குட்டிக்குக் கொள்ளைவிட எளிதில் கிடைக்கும் நல்ல புரதம் நம் பக்கத்தில் வேறில்லை.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
மேலே நண்பர் சொன்னது சரி. டானிக்கைப் பொறுத்தவரை தாங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மில்லியில் கிடைப்பது 0.3 கிராம் லைசின். ஒரு கிலோ கொள்ளில் ஏறத்தாழ 13 கிராம் லைசின் இருப்பதால், புட்டியிலிருந்து வருவது ஒரு கைப்பிடிக் கொள்ளில் இருப்பதுகூட இல்லை.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2007இல் வெளியிட்ட குதிரைத் தீவன அளவுகளின்படி, வளர்ந்து முடிந்தபின் 400 கிலோ வரக்கூடிய குதிரைக்கு அதன் 12ஆம் மாதத்தில் நாளொன்றுக்குச் சுமார் 677 கிராம் புரதமும் அதற்குள் 29 கிராம் லைசினும் வேண்டும். தாங்கள் கொடுக்கும் தீவனத்தில், என் கணக்கில், புரதம் 575 கிராமும் லைசின் 22 கிராமும்தான் தேறும். கொள்ளு வேகாததால் அதிலும் ஒரு பகுதி வீண். புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் கோத்து உருவாவது. தசை கட்டும் வேலையில் குதிரைக்கு அவற்றுள் முதலில் பற்றாக்குறையாவது பெரும்பாலும் லைசின்தான், அடுத்தது திரியோனைன். உங்கள் ஊர் ஜமுக்காளத் தறியில் ஊடை நூல் தீர்ந்துவிட்டால் பாவு எவ்வளவு நீளம் இருந்தாலும் நெசவு நகராதல்லவா? அதுபோல லைசின் தீர்ந்த இடத்தில் தசை வளர்ச்சி நின்றுவிடுகிறது. மிஞ்சிய மற்ற அமினோ அமிலங்களைக் கல்லீரல் உடைத்து, அவற்றின் நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஆகவே புரதத்தை வெறுமனே கூட்டினால் லாயத்தில் அமோனியா வீச்சமும் குட்டியின் தண்ணீர்த் தாகமுமே கூடும்.

குறையும் 7 கிராமை ஈடுகட்டப் பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் குதிரை மசால் என்ற தீவனப் பயிர் போதும். பச்சையாக 5 கிலோ, அதாவது காய்ந்த எடையில் ஒரு கிலோ, கொடுத்தால் சுமார் 180 கிராம் புரதமும் 8 கிராம் லைசினும் சேரும். அது கிடைக்காத நாளில் சோயாப் புண்ணாக்கு கால் கிலோ கொடுக்கலாம். கடலைப் புண்ணாக்கில் புரதம் மிகுதி என்றாலும் லைசின் குறைவு. பூஞ்சை நச்சின் அச்சமும் உண்டு. குளம்பை ஆக்கும் கெரட்டின் என்ற புரதத்துக்குக் கந்தகம் கொண்ட மெத்தியோனைன் என்ற அமினோ அமிலமும் வேண்டும். கொள்ளில் அது குறைவு என்பதால் தவிட்டை அடியோடு நிறுத்த வேண்டாம், முக்கால் கிலோவாகக் குறையுங்கள்; குறைத்த அளவுக்குக் கொள்ளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைப்போல எட்டு மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. கொழுக்கட்டைப் புல்லிலுள்ள ஆக்சலேட் என்ற பொருளோ இருக்கிற கால்சியத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இவ்விரண்டும் பல மாதங்கள் சேர்ந்து போனால் எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு, முகத்தெலும்பு வீங்கி, நொண்டலும் வரும். எனக்கு அமினோ அமிலத்தைவிட இதுவே கவலை. மசாலில் கால்சியம் நிறைய உண்டு என்றாலும், அருகிலுள்ள மருத்துவரிடம் குட்டியைக் காட்டித் தாது உப்பின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பவானிக்கரை:
மிக்க நன்றி ஐயா. கொள்ளை இன்றே வேகவைத்துப் பார்த்தேன், மசிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இன்னொரு சந்தேகம். வீட்டில் மாடுகளுக்கு வாங்கும் அடர்தீவனத்தில் புரதம் 20 விழுக்காடு என்று மூட்டையில் போட்டிருக்கிறது. அதில் கொஞ்சம் குட்டிக்கும் கொடுக்கலாமா?

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
வேண்டவே வேண்டாம். மாட்டுத் தீவனத்தில் அந்த 20 விழுக்காட்டின் ஒரு பங்கு யூரியாவாக இருக்கலாம். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள் யூரியாவைக்கொண்டு தம் உடல் புரதத்தை ஆக்கும். பிறகு அவையே சிறுகுடலுக்கு வந்து செரித்து மாட்டுக்கு அமினோ அமிலமாகின்றன. குதிரைக்கோ நுண்ணுயிரிகள் பெருகும் இடம் சிறுகுடலைத் தாண்டியுள்ள பெருங்குடல். அங்கே உருவாகும் புரதம் அமினோ அமிலமாக உடலில் சேர்வது மிகச் சொற்பம். பெரும்பகுதி சாணத்தோடு போய்விடும். அதனால்தான் வாய்வழி போகும் புரதத்தின் தரம் குதிரைக்கு இவ்வளவு முக்கியமாகிறது. சில மாட்டுத் தீவனங்களில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து, மாட்டுக்கு நன்மை செய்யும் அளவிலேயே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடக் கூடியது. மூட்டையைக் குட்டிக்கு எட்டாத அறையில் வையுங்கள். தீவனம் அள்ளும் படியும் தனியாகவே இருக்கட்டும்.

குளம்பைப் பற்றி அவசரப்பட வேண்டாம். அது மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வளரும். புதுத் தீவனத்தில் உருவான பகுதி மயிர்க்கோட்டிலிருந்து இறங்கித் தரையைத் தொட ஓராண்டுகூட ஆகலாம். முதுகுச் சதையில் மாற்றம் தெரிய இரண்டு, மூன்று மாதம் பொறுங்கள். இன்று பக்கவாட்டில் நின்று ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட எளிதாக இருக்கும்.